அத்தியாயம் 7: சாரலுக்கு முன் சேர வேண்டிய அட்டை

மொட்டைமாடி ஒழுகல் அடைப்பவர், தண்ணீர்த் தொட்டி கழுவுபவர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீசியன், கல்யாணச் சமையல் காண்டிராக்டர், நாலு அறை வைத்துச் சின்ன விடுதி நடத்துபவர் ஆகியோருக்கான அத்தியாயம் இது. தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வட்டாரத்தில் இப்படித் தொழில் செய்கிற பலர் விளம்பரம் என்றால் பிட் நோட்டீஸ்தான் என்று நினைக்கிறார்கள். ஐயாயிரம் அடித்து, பேப்பருக்குள் வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் இருநூறு அட்டை போதும். ஏற்கெனவே உங்களிடம் வேலை வாங்கியவர்களுக்கும் அவர்கள் தெருக்காரர்களுக்கும், பெயர் எழுதி, சரியான வாரத்தில் அனுப்புங்கள். நோட்டீஸ் அதற்குப் பிறகுதான். ஏன் இந்த வரிசை என்பது கீழே போகப்போகப் புரியும். மாடி ஒழுகல் அடைக்கும் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் அதைப்போலக் காலத்தோடு கட்டுண்ட தொழில் வேறில்லை.

முதலில் நாள் குறியுங்கள்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆரியங்காவுக் கணவாய் வழியே அந்தக் காற்று புகுந்ததும் இந்தப் பக்கம் சாரல் ஆரம்பித்துவிடும். சாரல் விழுந்தபின் மாடியில் பூச்சு வேலை செய்ய முடியாது. தளம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பூச்சு பிடிக்கும். ஈரத்தின்மேல் பூசினால் கொப்பளித்து உரிந்துவிடும். மே மாதம் கோடை மழை வேறு குறுக்கே வரும். ஆகவே உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் வேலை நாட்கள் சித்திரை மாத வெயில் நாட்கள்தான். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

1. பிப்ரவரி கடைசிக்குள் முகவரிப் பட்டியல் தயாராக வேண்டும்.
2. மார்ச் 20-க்குள் அட்டை அச்சாகிக் கைக்கு வர வேண்டும்.
3. ஏப்ரல் முதல் வாரத்தில் தபாலில் சேர்க்க வேண்டும். உள்ளூர்தானே, மறுநாளே போய்விடும் என்று கணக்குப் போடாதீர்கள். பத்து நாள் இடைவெளி வையுங்கள்.
4. ஏப்ரல் 10 முதல் 20 வரை அட்டை வீட்டுக்கு வந்துசேரும். அந்த நாட்களில் வெளியூர் வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். போனை எடுக்க ஆள் வேண்டும்.

மற்றத் தொழில்களுக்கு நாள் வேறு. சமையல் காண்டிராக்டருக்கு ஆவணி முகூர்த்தம் முக்கியம். ஆடியில் விசேஷம் வைக்காவிட்டாலும், மண்டபமும் சமையலும் பேசி முடிப்பது அந்த மாதத்தில்தான். எனவே ஆனிக் கடைசியில் அட்டை போய்ச்சேர வேண்டும். விடுதிக்காரர்கள் சீசனுக்கு முன் மே நடுவில் ஒரு தடவையும், கார்த்திகை முதல் நாள் மாலை போடும் ஐயப்ப பக்தர்களுக்காக அக்டோபரில் ஒரு தடவையும் அனுப்பலாம். சபரிமலைக் குழுவில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்பவர் குருசாமி. அவர் ஒருவருக்குப் போகும் அட்டை ஒரு பஸ் ஆட்களையே கூட்டிக்கொண்டு வரும். குழுவில் இருக்கும் ஐம்பது பேருக்கும் அனுப்பித் தபால் செலவைக் கூட்டாதீர்கள்.

பட்டியல்: பாதி வேலை இதுதான்

பட்டியல் விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். உங்கள் பில் புத்தகம், செல்போனில் சேமித்த பெயர்கள், மேஸ்திரியின் நோட்டு இந்த மூன்றிலும் போதுமான முகவரி இருக்கிறது.

1. ஒரு நீள நோட்டில் கட்டம் போடுங்கள்: பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, செய்த வேலை, செய்த மாதம், வீட்டில் முடிவெடுப்பவர் யார்.
2. கடந்த மூன்று ஆண்டு வாடிக்கையாளர்களை முதலில் எழுதுங்கள். சண்டையில் முடிந்த வேலை இருந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். அங்கே அட்டை போவதற்கு முன் நீங்கள் நேரில் போக வேண்டும்.
3. ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, எதிரே இரண்டு வீடுகளைச் சேருங்கள். ஒரே காலத்தில் கட்டிய வீடுகள் ஒரே காலத்தில்தான் ஒழுகும். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் மனை போட்டு விற்ற நகர்களிலும் இது அப்படியே பொருந்தும்.
4. வாடகை வீடா, சொந்த வீடா என்று குறியுங்கள். மத்தளம்பாறை ஜோஹோவில் வேலை பார்க்கும் குடித்தனக்காரருக்கு மாடி பூசும் அட்டை அனுப்பிப் பயனில்லை. வீட்டுக்காரர் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.
5. பின்கோடு சரிபாருங்கள். தென்காசி 627811, குற்றாலம் 627802, செங்கோட்டை 627809. தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பில்களில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். மாவட்டப் பெயர் மாறினாலும் பின்கோடு 627-ல்தான் தொடங்குகிறது. தபால் பிரிப்பவருக்கு முதலில் வேண்டியது அந்த ஆறு இலக்கம்.

முடிவெடுப்பவர் என்ற கட்டத்தைப் பலர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். கடையநல்லூரிலும் தென்காசியிலும் மகன் வளைகுடா நாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். அட்டை வாப்பா கையில் கிடைக்கும். அவர் அதைப் போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்புவார். பணம் அனுப்புவதும், செய்யச் சொல்வதும் மகன். இப்படிப் போகும் என்று தெரிந்தால் அட்டையை எப்படி அமைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: எல்லா விவரமும் ஒரே பக்கத்தில், ஒரு போட்டோவில் அடங்க வேண்டும். செல்பேசி எண் பின்பக்கம் போய்விட்டால் மகனுக்குப் போகும் படத்தில் எண் இருக்காது.

அட்டையில் என்ன எழுதுவது

ஒரு அட்டைக்கு ஒரு வேலை. "பிளம்பிங், எலக்ட்ரிக்கல், பெயிண்டிங் மற்றும் அனைத்து வேலைகளும் குறித்த நேரத்தில் தரமாகச் செய்து தரப்படும்" என்ற வரி ஆயிரம் நோட்டீஸில் இருக்கிறது. அதைப் படித்து யாருக்கும் தன் வீட்டுச் சுவர் ஞாபகம் வராது. பழைய வாடிக்கையாளருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அண்ணாச்சி. உங்கள் வீட்டு மாடிப்படி அறை ஓரத்தில் ஒழுகலை நாங்கள்தான் அடைத்தோம். சாரல் தொடங்குவதற்குள் அந்த இடத்தை ஒருமுறை வந்து பார்த்துவிடுகிறோம். பார்ப்பதற்குக் காசு வேண்டாம். சித்திரை 30-க்குள் கூப்பிடுங்கள். அதற்குமேல் தளம் காயும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது. வீட்டின் குறிப்பிட்ட இடம், வரப்போகும் ஆபத்து, செலவில்லாத முதல் படி, காரணத்தோடு கூடிய கடைசித் தேதி. காரணம் சொல்லாத கடைசித் தேதியை நம் ஊர்க்காரர்கள் மதிப்பதில்லை. "சலுகை மூன்று நாள் மட்டும்" என்பதை அவர்கள் எத்தனையோ ஆடித் தள்ளுபடியில் பார்த்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு வாசகம் வேண்டும். "உங்கள் தெருவில் ஆறு வீட்டு மாடிகளைப் பூசியிருக்கிறோம்" என்று தெருப் பெயரோடு எழுதலாம். அந்த வீடுகளின் பெயரைப் போட வேண்டுமானால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் போட்டால் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழப்பீர்கள்.

விளிப்பில் கவனம் வேண்டும். அச்சில் "வணக்கம்" மட்டும் இருக்கட்டும். அண்ணாச்சி, பாய், சார், டீச்சர், அக்கா என்று யாரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அதைப் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள். இருநூறு அட்டைக்கு எழுத ஒரு மாலை நேரம் போதும். பேனா எழுத்து இருக்கும் அட்டையை யாரும் படிக்காமல் போடுவதில்லை.

விலை போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள். முழு விலை சொல்ல முடியாவிட்டால், "சதுர அடிக்கு இவ்வளவிலிருந்து" என்றாவது போடுங்கள். விலையே இல்லாத அட்டை, கூப்பிட நினைப்பவரைக் கூச்சப்பட வைக்கிறது.

*குறிப்பு:* கேரளத்து வாடிக்கையாளர் உள்ள விடுதிக்காரர்கள் புனலூர், கொல்லம் முகவரிகளுக்கு மலையாளத்தில் நாலு வரி சேருங்கள். மலையாளம் தாய்மொழியாக உள்ள ஒருவர் படித்துத் திருத்தியபின் அச்சுக்குக் கொடுங்கள். முகவரியை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதுங்கள்.

அச்சகத்தில்

இருநூறு, ஐந்நூறு அட்டைக்குத் தென்காசி அச்சகங்களே போதும். பெரிய எண்ணிக்கை என்றால் சிவகாசியில் விலை குறையும். ஆனால் ஆடிப்பெருக்கன்று அங்கே காலண்டர் வேலை தொடங்கிவிடும். தீபாவளி முதல் புத்தாண்டு வரை சின்ன ஆர்டரை முன்னால் எடுத்துச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. மார்ச்சில் அந்தச் சிக்கல் இல்லை.

அஞ்சலட்டை அளவு 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர். அந்த அளவிலேயே அடியுங்கள். அச்சகத்தில் இவற்றைச் சொல்லிவிடுங்கள்:

1. முகவரிப் பக்கம் பளபளப்புப் பூச்சு கூடாது. பூச்சின்மேல் பேனா மையும் பிடிக்காது, தபால் முத்திரையும் பிடிக்காது.
2. முகவரிப் பக்கத்தின் வலது பாதி வெறுமையாக இருக்க வேண்டும். இடது பாதியில் அனுப்புநர் முகவரி கட்டாயம். ஆள் இல்லாத வீட்டு அட்டை திரும்பி வந்தால்தான் பட்டியலைத் திருத்த முடியும்.
3. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுக்க வேண்டாம். ஒரு தூறல் பட்டாலே எழுத்து கரைந்து ஓடும். ஆஃப்செட் அல்லது லேசர் அச்சு போதும்.
4. எழுத்து பெரிதாக, வெள்ளைத் தாளில் கறுப்பில் இருக்கட்டும். உங்கள் போட்டோவுக்கு ஒதுக்கும் இடத்தைச் செல்பேசி எண்ணுக்குக் கொடுங்கள்.

புரூஃப் வந்ததும் அதில் உள்ள எண்ணைப் பார்த்து, இன்னொரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். உங்கள் போன் அடித்த பிறகுதான் அச்சுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். மனப்பாடமான எண்ணில் தவறிருந்தாலும் கண் அதைச் சரியாகவே படித்துவிடும்.

முகவரியை பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா இந்த ஊர் ஈரத்துக்கு ஆகாது. ஜூலையில் நனைந்த தபால் பையிலிருந்து எடுக்கும் அட்டையில் தெருப் பெயர் நீலத் திட்டாகப் பரவியிருக்கும். வீட்டு எண் தெரியாத அட்டையை எந்தத் தபால்காரராலும் சேர்க்க முடியாது.

தபாலில் சேர்ப்பது

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 50 பைசா அஞ்சலட்டையைக் கட்டுக்கட்டாக வாங்கி அதில் விளம்பரத்தை அச்சடித்தால் மலிவாக முடியும் என்று நினைப்பார்கள். அந்த 50 பைசா கையால் எழுதும் கடிதத்துக்குரியது. அச்சிட்ட அட்டைக்குக் கட்டணம் 6 ரூபாய். குறைந்த தலை ஒட்டி அனுப்பினால், மீதியைப் பெறுபவரிடம் அபராதத்தோடு கேட்பார்கள். உங்கள் விளம்பரத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்கும் நிலை வேண்டாம்.

உறையிலிட்ட கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம். இரண்டு தாளும் ஓர் உறையும் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். படம் காட்ட வேண்டிய வேலையென்றால், அதாவது பூசுவதற்கு முன், பூசிய பின் என இரண்டு படம் வைப்பதானால், உறைக் கடிதம் அச்சிட்ட அட்டையைவிட ஒரு ரூபாய் குறைவுதான். ஆனால் உறையைப் பிரித்தால்தான் படிக்க முடியும். பழைய வாடிக்கையாளருக்கு உறையும், தெருக்காரருக்கு அட்டையும் அனுப்புங்கள் என்பது என் யோசனை. உங்கள் பெயரைத் தெரிந்தவர்தான் உறையைப் பிரிப்பார்.

1. மாதிரி ஒன்றை அஞ்சலகக் கவுன்டரில் காட்டி, எடை போட்டு, அன்றைய கட்டணத்தை உறுதி செய்யுங்கள். இதை அச்சடிக்கும் முன் செய்ய வேண்டும்.
2. அட்டைகளைப் பின்கோடு வாரியாகப் பிரித்து, நூல் போட்டுக் கட்டுங்கள்.
3. சிவப்புப் பெட்டியில் திணிக்காமல் கவுன்டரில் கொடுங்கள்.
4. உங்கள் சொந்த முகவரிக்கும் ஒன்று அனுப்புங்கள். எந்த நாளில், எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.
5. ஒரே நாளில் இருநூறையும் சேர்க்காதீர்கள். நாற்பது நாற்பதாக, இரண்டு நாளுக்கு ஒரு கட்டு. ஒரே நாளில் முப்பது பேர் கூப்பிட்டால் உங்களால் போய்ப் பார்க்க முடியாது. போகாவிட்டால் பெயர் கெடும்.

முகவரி எழுதாத நோட்டீஸைக் குறிப்பிட்ட பகுதி முழுக்கத் தபால்காரரே கொடுக்கும் சேவையும் இந்திய அஞ்சல் துறையில் உண்டு. பெயர் டைரக்ட் போஸ்ட். ஆயிரம் பிரதிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்ற கணக்கில் தொடங்கிய சேவை அது. கட்டணமும் நிபந்தனையும் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டி கழுவுதல் போல எல்லா வீட்டுக்கும் தேவைப்படும் வேலைக்கு இது பொருந்தும். தபால்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் பணம் கொடுத்து நோட்டீஸ் போடச் சொல்லாதீர்கள். அது அவர் வேலைக்கு ஆபத்து.

பேப்பருக்குள் நோட்டீஸ் வைப்பதென்றால் ஏஜென்டிடம் முதல்நாள் மாலையே கட்டைக் கொடுங்கள். பேப்பர் பிரிப்பது விடியற்காலையில்; அந்த நேரத்தில் போய் நின்றால் வேலையாகாது. சாரல் நாட்களில் நோட்டீஸ் வேண்டாம், நனைந்து பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பும் சட்டமும்

*பூட்டிய வீடு:* நீங்களே தெருத் தெருவாகப் போய் நோட்டீஸ் போடுவதானால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கேட்டில் செருகாதீர்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் வீட்டு வாசலில் நாலு நோட்டீஸ் எடுக்காமல் கிடந்தால், உள்ளே ஆள் இல்லை என்று திருடனுக்குச் சொன்னதாகிவிடும். எந்தெந்த வீடு பூட்டியிருக்கிறது என்ற உங்கள் நோட்டுக் குறிப்பையும் வேலையாட்களிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

*விடுதிப் பதிவேடு:* தங்க வருபவர் முகவரி கொடுப்பது பதிவுக்காக. அதை எடுத்து விளம்பரம் அனுப்புவது முறையல்ல. "அடுத்த சீசனுக்குக் கடிதம் போடலாமா?" என்று தனியாகக் கேட்டு, சம்மதித்தவர்களின் முகவரியை வேறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முகவரிகளைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஏற்றினால், 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிடும். "இனி அனுப்பாதீர்கள்" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே பெயரை அடியுங்கள்.

*வைத்தியம், மசாஜ்:* குற்றாலத்தில் மூலிகை, எண்ணெய் மசாஜ் நடத்துபவர்கள் "சர்க்கரை குணமாகும்", "வாதம் அடியோடு தீரும்" என்று அச்சடிக்கவே கூடாது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் இத்தகைய வாசகங்களுக்குத் தண்டனை வைத்திருக்கிறது. நோயாளி உண்மையாகவே நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது.

*பெண்கள் நடத்தும் தொழில்:* வீட்டிலிருந்தபடி தையல், நோயாளி பராமரிப்பு, சமையல் செய்யும் பெண்கள் தொழிலுக்குத் தனி சிம் வைத்துக்கொண்டு அந்த எண்ணை மட்டும் அச்சிடுங்கள். அனுப்புநர் முகவரியில் வீட்டு எண் போட மனமில்லையென்றால் அஞ்சல் பெட்டி எண் கிடைக்குமா என்று அஞ்சலகத்தில் கேளுங்கள்.

*பணம் கட்டும் கியூஆர்:* அட்டையில் வேண்டாம். வேலை முடிந்தபின் நேரில் காட்டுங்கள்.

*அருவிக்கரை:* பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க வருபவர்கள் கையில் நோட்டீஸ் திணிக்காதீர்கள். அத்தனையும் ஓடையில்தான் போய்ச் சேரும்.

வரவு பார்ப்பது

அட்டையின் மூலையில் சின்னதாக ஓர் எழுத்து அச்சிடுங்கள்: பழைய வாடிக்கையாளருக்கு "ப", தெருக்காரருக்கு "தெ". கூப்பிடுபவரிடம், "அட்டை கையில் இருக்கிறதா, ஓரத்தில் என்ன எழுத்து?" என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். போன் வந்தது, போய்ப் பார்த்தது, வேலை கிடைத்தது என்று மூன்று கட்டம் போதும்.

கணக்கு இப்படி. தபாலுக்கு 6 ரூபாய், அச்சுக்கு 4 ரூபாய் என்று வைத்தால் அட்டைக்கு 10 ரூபாய், இருநூறுக்கு 2,000. ஒரு வேலையில் ஆள் கூலி, பொருள் போக உங்களுக்கு 800 ரூபாய் நிற்கும் என்றால், மூன்று வேலை கிடைத்ததும் போட்ட பணம் திரும்பிவிடும். போன் நிறைய வந்து வேலை குறைவாகக் கிடைத்தால் அட்டையில் குறை இல்லை. விலை சொல்லும் விதத்தையோ, போய்ப் பார்க்கத் தாமதமாவதையோ கவனியுங்கள். போனே வரவில்லையென்றால் பட்டியலையும் தேதியையும் பாருங்கள். படத்தையும் நிறத்தையும் மாற்றுவது கடைசி.

மே முதல் வாரத்தில், கூப்பிடாத பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இரண்டாவது அட்டை அனுப்பலாம். இதற்கு அச்சகம் வேண்டாம். 50 பைசா அஞ்சலட்டை வாங்கி, கையாலேயே நாலு வரி எழுதுங்கள். திரும்பி வந்த அட்டைகளின் முகவரியை அதற்கு முன் பட்டியலில் திருத்திவிடுங்கள். வீடு மாறியவர் எங்கே போனார் என்று கேட்டால் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கேட்கப் போகும்போது அந்த வீட்டு மாடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.